காற்றைப் பிடித்து உரமாக்கிய ஃபிரிட்ஸ் ஹேபர்

மரக்காணத்தில் இருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்கு கடற்கரைச் சாலையில் இருக்கிறது கூனிமேடு. ஒரு பக்கம் கடல். மரக்காணத்தைச் சுற்றி உப்பளங்கள். மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு, தென்னை, மணிலா, தர்பூசணி. இந்தக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் இறங்கிய மழைநீர்தான். அடியில் உள்ள உப்புநீருக்கு மேலே அது மெல்லிய படலமாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அப்படி ஏறினால் அதற்குப் பரிசோதனை தேவையில்லை. முதல் வாய்த் தண்ணீரிலேயே நாக்கு சொல்லிவிடும்.

நாக்கு சொல்லாத உப்பு ஒன்று உண்டு. அது நைட்ரேட். நிறம் இல்லை, மணம் இல்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையும் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ம் ஆண்டு தர அறிக்கை, நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த எல்லையைத் தாண்டியிருப்பதாகக் கூறியது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். பாதிப்பு அதிகம் உள்ளவை என்று அந்த அறிக்கை அடையாளம் காட்டிய 15 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. கூனிமேடு இருப்பது இந்த மாவட்டத்தில்தான். ஊரில் உள்ள ஒவ்வொரு கிணறும் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எந்தக் கிணறு நல்லது, எது கெட்டது என்பதைப் பார்த்தோ குடித்தோ கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

கிணற்றுக்கு வரும் நைட்ரேட்டில் ஒரு பகுதி கழிப்பறைக் குழியிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருந்து வருகிறது. இன்னொரு பகுதி யூரியா மூட்டையில் இருந்து. இந்த மூட்டை உலகத்துக்கு வந்த கதை, ஜெர்மனியில் பிறந்த ஒரு வேதியியலாளரின் வாழ்க்கைக் கதையும்கூட.

சாய வியாபாரியின் மகன்

ஃபிரிட்ஸ் ஹேபர் 1868 டிசம்பர் 9 அன்று பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த நகரம் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. பிறந்த மூன்று வாரத்தில் தாய் இறந்துவிட்டார். தந்தை சாயப்பொருள் வியாபாரி. மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ வேதியியல் மீது ஆசை. சில காலம் கடையில் இருந்து பார்த்தார், தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1894-ல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த 17 ஆண்டுகள் அங்கேதான்.

அந்தக் காலத்தில் ஜெர்மன் வேதியியல் கம்பெனிகள் செய்துகொண்டிருந்த வேலை நம் பக்கத்து விவசாயிகளையும் தொட்டது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் நீலச்சாயத்துக்காக அவுரி பரவலாகப் பயிரிடப்பட்டது. 1897-ல் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அவுரிக்கு விலை இல்லாமல் போயிற்று. ஹேபரின் கண்டுபிடிப்பைத் தொழிற்சாலைக்குக் கொண்டு போனதும் இதே கம்பெனிதான்.

தழைச்சத்துப் பஞ்சம்

19-ம் நூற்றாண்டின் முடிவில் ஐரோப்பாவில் ஒரு கவலை பரவியிருந்தது. மக்கள்தொகை பெருகுகிறது, கோதுமை நிலத்துக்குத் தழைச்சத்து போதவில்லை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெட்டியெடுத்த வெடியுப்புதான் அப்போது அவர்களின் முக்கியமான வெளி உரம். கப்பல் கப்பலாக வந்தது. அது தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று 1898-ல் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடிக்க வேண்டும், அதை வேதியியலாளர்கள்தான் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

வெடியுப்பு என்பதும் நைட்ரேட்தான். சிலிக்கு முன்பு அதை உலகத்துக்கு அனுப்பியது இந்தியா. பீகார் கிராமங்களில் பழைய மண் சுவர், தொழுவம், குப்பைமேடு இவற்றின் அடிமண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வெடிமருந்துக்காக அதைக் கப்பலேற்றியது. தொழுவத்து மண்ணில் நைட்ரேட் சேரும் என்பது நம் ஊர்களில் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அதே தொழுவத்துக்குப் பத்தடி தள்ளிக் கிணறு வெட்டும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஒவ்வொரு வயலுக்கு மேலும் டன் கணக்கில் இருக்கிறது. ஆனால், அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் பயிரால் அதை எடுக்க முடியாது. மணிலா வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைக்கிறது. கடற்கரைச் சவுக்கின் வேரிலும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதைச் செய்கிறது. சாதாரண வெயிலில், சாதாரண மண்ணில், சத்தமில்லாமல். ஆய்வகத்தில் யாராலும் அப்படிச் செய்ய முடியவில்லை.

ஹேபர் 1904 வாக்கில் இதில் இறங்கினார். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் சூடாக்கினால் கிடைத்த அம்மோனியா மிகச் சொற்பம். லாபமில்லை என்று விட்டுவிட்டார். 1907-ல் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற பெரிய விஞ்ஞானி, ஹேபரின் அளவுகள் தவறு என்று ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்டினார். ஹேபருக்கு அது பெரிய அவமானம். திரும்பி வந்து, ராபர்ட் லெ ரோசிக்னோல் என்ற உதவியாளருடன் மீண்டும் முதலில் இருந்து அளக்கத் தொடங்கினார். லெ ரோசிக்னோல் கைத்திறன் மிக்கவர். மிக அதிக அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகளை அவரே வடிவமைத்தார்.

1909 ஜூலை தொடக்கத்தில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் கார்ல் போஷும் ஆல்வின் மிட்டாஷும் சோதனையைப் பார்க்க கார்ல்ஸ்ரூ வந்தார்கள். கருவியின் ஒரு இணைப்பு விட்டுப்போனதால் வேலை தாமதமாயிற்று. போஷ் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். மிட்டாஷ் இருந்தார். பிற்பகலில் கருவி ஓடத் தொடங்கியது. சுமார் 200 மடங்கு காற்றழுத்தம், 500 டிகிரிக்கு மேல் வெப்பம், நடுவில் ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். திரவ அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது.

பிறகு வேலை போஷின் கையில். ஆஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருந்தது. மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து இரும்பைக் கொண்டே அந்த வேலையை நடத்தலாம் என்று கண்டார். 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இன்று உலகத்தில் உற்பத்தியாகும் யூரியா எல்லாம் இந்த வழியில் வரும் அம்மோனியாவில் இருந்துதான். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு இதை நம்பி இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1960-களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு யூரியா ஆலை ஓடியது. தென்னாற்காடு வயல்களுக்கு ஹேபரின் வேலை பக்கத்து ஊருக்கே வந்து சேர்ந்தது.

ஒரு மூட்டைக் கணக்கு

வயலில் போட்ட யூரியா சில நாட்களில் அம்மோனியா வடிவத்துக்கும், பிறகு மண் பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனிய வடிவத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டைப் பிடிக்காது. இரண்டும் ஒரே மின்னூட்டம், ஒன்றை ஒன்று தள்ளும். அதனால் நைட்ரேட் தண்ணீரோடு தண்ணீராகக் கீழே போகும். நீர் தேங்கிய நெல் வயலில் ஒரு பகுதி வாயுவாகி மேலே போய்விடுகிறது. மேட்டுப்பாங்கான மணல் நிலத்தில், வாய்க்கால் பாசனத்தில், காய்கறிக்கும் தர்பூசணிக்கும் போட்டது ஒரு நல்ல மழையில் வேரைத் தாண்டிவிடும். மணலில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். அதில் பாதியைப் பயிர் எடுக்காமல் விட்டு, அது நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நைட்ரேட் கணக்கில் அது சுமார் 46 கிலோ. துளி நைட்ரேட்கூட இல்லாத 10 லட்சம் லிட்டர் தண்ணீரை 45 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவர இது போதும். ஒரே மூட்டையில் வீணான பாதி! ஏக்கருக்கு எத்தனை மூட்டை, ஆண்டுக்கு எத்தனை போகம் என்று அவரவர் கணக்கைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் வற்றாத ஆறு கிடையாது. குடிநீரும் பாசனமும் சுண்ணாம்புக்கல் பாறைக்குள் இருக்கும் கிணற்று நீர்தான். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று செறிவாகப் பயிர் செய்யும் நிலம். வீட்டுக்கு வீடு கழிப்பறைக் குழி. 1980-களில் இருந்தே அங்கு பல கிணறுகளில் நைட்ரேட் எல்லை மீறியிருப்பது பதிவாகியிருக்கிறது. புத்தளம் அருகே கற்பிட்டியிலும் அப்படியே. அது நம் மரக்காணம் கரையைப் போல மணல் நிலம், கடலுக்கு நடுவே.

நச்சுப் புகை

ஹேபரின் வாழ்க்கை இதற்குப் பிறகு இருண்டது. 1911-ல் பெர்லினில் புதிதாக அமைந்த ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். 1914-ல் போர் வந்தது. சிலியில் இருந்து வெடியுப்பு வருவதை பிரிட்டிஷ் கடற்படை தடுத்தது. ஓப்பாவ் அம்மோனியா நைட்ரிக் அமிலமாக மாறி வெடிமருந்துக்குப் போயிற்று. ஹேபரின் கண்டுபிடிப்பு இல்லாமல் இருந்தால் ஜெர்மனியால் நான்கு ஆண்டுகள் போரிட்டிருக்க முடியாது என்று வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கு அருகே, ஆயிரக்கணக்கான உருளைகளில் இருந்து சுமார் 150 டன் குளோரின் வாயு எதிரிப் படை மீது திறந்துவிடப்பட்டது. திட்டமிட்டு, களத்துக்கே போய் மேற்பார்வை செய்தவர் ஹேபர். சில நாட்களில் இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன் வீரர்களும் அதே களத்தில் அந்த வாயுவில் சிக்கினார்கள்.

அவருடைய மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியலாளர். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். திருமணத்துக்குப் பிறகு ஆய்வு வேலை அவருக்கு வாய்க்கவில்லை. வாயுத் தாக்குதல் நடந்து பத்தே நாளில், 1915 மே 2 அதிகாலையில், கணவரின் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். அவரைக் கண்டது 12 வயது மகன் ஹெர்மன். காரணம் குறித்து இன்றும் பல கருத்துகள் உண்டு. ஹேபர் அடுத்த நாளே அடுத்த போர்முனைக்குக் கிளம்பிவிட்டார்.

1918-ம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அம்மோனியாவுக்காக அவருக்குக் கொடுக்கப்பட்டபோது, நேச நாடுகளின் விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1921-ல் ஓப்பாவ் ஆலையின் உரக் கிடங்கு வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கடலில் தங்கம்

ஹேபரின் வாழ்க்கையில், கடலோரத்தில் இருக்கும் நாம் நின்று பார்க்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. போரில் தோற்ற ஜெர்மனி பெரும் நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. காற்றில் இருந்து உரம் எடுத்த நமக்குக் கடலில் இருந்து தங்கம் எடுக்க முடியாதா என்று ஹேபர் யோசித்தார். கடல்நீரில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருப்பதாக அப்போதைய நூல்கள் கூறின. அது இருந்தால் லாபகரமாக எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். 1923-ல் பயணிகள் கப்பல் ஒன்றில் ரகசியமாக ஆய்வகம் அமைத்து அட்லாண்டிக் கடலைக் கடந்தார். உலகின் பல கடல்களில் இருந்து ஆயிரக்கணக்கான பாட்டில் நீர் பெர்லினுக்கு வந்தது.

அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பாத்திரங்களில் இருந்தும் ரசாயனங்களில் இருந்தும் மிக நுண்ணிய தங்கத் துகள் மாதிரியில் கலந்துவிடுவது பிறகு தெரிந்தது. அதையெல்லாம் விலக்கி மீண்டும் அளந்தபோது, உண்மையான அளவு அவர் எதிர்பார்த்ததில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1920-களின் பிற்பகுதியில் திட்டத்தைக் கைவிட்டு, தோல்வியை வெளிப்படையாகவே எழுதினார். நூலில் இருந்த எண்ணை நம்பியது அவர் செய்த தவறு. அளந்து பார்த்து ஒப்புக்கொண்டது அவர் செய்த நல்ல காரியம். என்னைக் கேட்டால், நெர்ன்ஸ்டிடம் பட்ட அவமானம்தான் இதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, யூதர்களை அரசுப் பணியில் இருந்து நீக்கச் சட்டம் போட்டார். ஹேபர் இளம் வயதிலேயே கிறிஸ்தவராக மாறியவர், போரில் நாட்டுக்காக உழைத்தவர். அவர் வேலையில் நீடித்திருக்க முடியும். தன் நிறுவனத்தில் இருந்த யூத விஞ்ஞானிகளை வெளியேற்ற வேண்டும் என்ற நிலை வந்ததும் ராஜினாமா செய்தார். சில மாதங்கள் கேம்பிரிட்ஜில் இருந்தார். இதய நோய் முற்றியிருந்தது. 1934 ஜனவரி 29 அன்று சுவிட்சர்லாந்தின் பேசல் நகர விடுதியில் இறந்தார். கிளாராவின் அஸ்தியும் அவர் விருப்பப்படி அங்கே கொண்டுவரப்பட்டு, இருவருக்கும் ஒரே கல்லறை. அவர் நிறுவனத்தில் தானியக் கிடங்குப் பூச்சிகளுக்காக வளர்ந்த புகைமருந்து ஆய்வில் இருந்து வந்த நஞ்சைத்தான் பிற்பாடு நாஜிகள் யூதர்களைக் கொல்லப் பயன்படுத்தினார்கள். இறந்தவர்களில் அவருடைய உறவினர்களும் இருந்தனர்.

அவருக்குத் தெரியாமல் போன பக்கம்

நைட்ரேட் கிணற்றில் என்ன செய்யும் என்பது ஹேபர் இறந்து 11 ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரித்து வந்ததைப் பதிவு செய்தார். நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளைக் கெடுத்துவிடுகிறது. உதடு, நகம், தோல் நீலமாகும், மூச்சு வாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து அதிகம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. கிணற்று நீரில் பால் பவுடர் கரைக்கும்போதுதான் வருகிறது.

இங்கே நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு என்றால் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் மிச்ச நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவது, குளோரின் போடுவது, சாதாரண வடிகட்டி எதற்கும் அது அசையாது. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை எடுக்கும். நைட்ரேட் மிகுந்த கிணறு என்று தெரிந்தால், வேறு இடத்து நல்ல தண்ணீரைக் குழந்தைக்குத் தனியாக வைத்துக்கொள்வதே எளிது.

வயல் பக்கத்தில் செய்ய வேண்டியது யூரியாவை நிறுத்துவது அல்ல, பயிர் குடிக்கும் நேரத்தில் குடிக்கும் அளவில் கொடுப்பது. நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரம் இடுவதை வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. மணல் நிலத்தில் ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரிக்க வேண்டும். சொட்டுநீர் இருந்தால் அதன் வழியாகவே சிறிது சிறிதாகக் கரைத்து விடலாம். மழை வரும் என்று தெரிந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். மணிலாவுக்கு வேர் முடிச்சே பெரும் பங்கைத் தந்துவிடுவதால், மற்ற பயிருக்குப் போடும் அளவில் அதற்குப் போடத் தேவையில்லை. 2015-ல் இருந்து நாட்டில் விற்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. நைட்ரேட்டாக மாறும் வேகத்தை அது குறைக்கும். பூசியிருக்கிறதே என்று அளவைக் கூட்டினால் பயன் இல்லை. எருக்குழியும் கழிப்பறைக் குழியும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருந்தால், உரத்தைக் குறைத்து மட்டும் கிணறு தேறாது.

ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டுள்ள குடிநீர்க் களப் பரிசோதனைப் பெட்டியில் நைட்ரேட் சோதனையும் உண்டு. சந்தேகம் வந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பார்ப்பது நல்லது. இரண்டு நேரத்திலும் அளவு ஒன்றாக இருக்காது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி, தளும்பப் பிடித்து மூட வேண்டும். உரம் கரைத்த பாட்டில், பூச்சிமருந்து டப்பா ஆகாது. பாட்டில் மீது கிணற்றின் அடையாளம், ஆழம், தேதி எழுதி, வெயில் படாமல் அன்றே அல்லது மறுநாள் காலைக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும்.